மறப்பதற்கென்று எழுதப்படும் கதைகள்

கன்ஜி என்று எழுதுகிறேன். கஞ்சி என்று எழுதினால்தான் உச்சரிப்புக்குப் பக்கத்தில் வரும். ஜப்பானுக்கு வரும் தமிழர் எல்லோரும் முதல் வாரத்தில் ஒருமுறை சொல்லிச் சிரித்துவிட்டு, அப்புறம் விட்டுவிடுகிற வேடிக்கை இது. சிரிப்பு அடங்கியதும் எண்ணிக்கை தெரியவந்துவிடும். இங்கே தொடக்கப்பள்ளியின் ஆறு வருடங்களில் ஒரு குழந்தை 1026 கன்ஜி கற்க வேண்டும். முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160. பொதுப் புழக்கத்துக்கென்று அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் இருப்பவை 2136. நம்முடைய 247ஐ ராகம் போட்டுப் பாடியே முடித்துவிட்ட மனதுக்கு இது வேறு கணக்கு.

தமிழர் ஒருவர் ஜப்பானிய மொழியைப் பற்றி எழுதினால் சுசுமு ஓனோவின் பெயர் வந்தாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாழ்நாளின் பிற்பகுதியை வாதாடிக் கழித்தவர். அவரை வணங்கிவிட்டு நகர்கிறேன். கன்ஜி சீனாவிலிருந்து வந்தது. அந்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த எழுத்துகளின் முன்னால் நாம் எல்லோரும் அந்நியர்தான்.

2012இல் டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடை ஒன்றில் ஜேம்ஸ் ஹைசிக்கின் 'ரிமெம்பரிங் த கன்ஜி' முதல் தொகுதியை வாங்கினேன். வெளிநாட்டவர் கன்ஜி கற்கும் வட்டாரங்களில் அதைத் தெரியாதவர் குறைவு. 1977இல் வேறொரு பெயரில் முதலில் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, 2011இல் வந்த ஆறாம் பதிப்பில் 2200 எழுத்துகளைத் தொட்டது. ஹைசிக் மொழியாசிரியர் அல்லர். நாகோயாவின் நன்ஸான் பல்கலைக்கழகத்தில் சமயத் தத்துவம் ஆய்ந்தவர்; யுங்கைப் பற்றியும் கியோத்தோ தத்துவவாதிகளைப் பற்றியும் எழுதியவர். ஜப்பானுக்கு வந்த புதிதில், தான் எழுத்துகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளக் கண்டுபிடித்த வழியையே புத்தகமாக்கினார்.

வழி எளியது. ஒவ்வொரு கன்ஜிக்கும் ஓர் ஆங்கிலச் சொல். ஒவ்வொரு கன்ஜியையும் சின்ன உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர். பிறகு அந்தப் பெயர்களைச் சேர்த்து ஒரு கதை. மனிதனும் மரமும் பக்கத்தில் நின்றால் 'ஓய்வு'. வயலும் பலமும் சேர்ந்தால் 'ஆண்'. இவ்வளவு இணக்கமாக இருப்பவை சில நூறுதான். மீதி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள். கதை சொல்பவன் பசை தடவித்தான் ஒட்ட வேண்டும்.

இந்தப் புத்தகத்தைப் பாடநூலாக வைத்து அடித்தவர்களும் கொண்டாடியவர்களும் நிறைய. முதல் தொகுதியை முடித்தால் இரண்டாயிரம் எழுத்துகளின் பொருள் தெரியும், ஒன்றைக்கூட வாய்விட்டு வாசிக்கத் தெரியாது என்பது பழைய புகார், உண்மையும்கூட. நான் இதை ஒரு சிறுகதைத் தொகுப்பாகப் படிக்க விரும்புகிறேன். ஒன்றிரண்டு வரியிலிருந்து ஒரு பத்தி வரையுள்ள கதைகள். பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை. முடிவு மட்டும் முதலிலேயே தெரியும், ஏனென்றால் முடிவுதான் அந்த எழுத்தின் பொருள். கதை நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை இலக்கிய ரசனை சொல்லாது. மூன்று வாரம் கழித்து, காலியான தாளின் முன்னால் உங்கள் கை சொல்லும்.

அப்படிப் படிக்கத் தொடங்கினால் முதலில் உறுத்துவது இந்தக் கதைகள் யாருடைய சிறுவயதில் நடக்கின்றன என்பது. ஒன்பது என்ற எழுத்து வேறொரு எழுத்தின் உறுப்பாக வரும்போது ஹைசிக் அதற்குத் தரும் பெயர் பேஸ்பால் அணி. ஒரு அணியில் ஒன்பது பேர் அல்லவா! ஒன்பதும் சூரியனும் சேர்ந்தால் உதயசூரியன், ஜப்பானியத்தில் அசாஹி. அவருடைய கதையில் ஜப்பானியக் கொடியின் சிவப்பு வட்டம் தையல் ஓடிய பேஸ்பால் பந்தாகிறது. கொடிக்கம்பத்துக்குப் பதிலாக மட்டை. அமெரிக்காவில் வளர்ந்த ஒருவருக்கு இது ஒரு நொடியில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மூன்று முறை உதிர்ந்து விழுந்தது. நான்காவது முறை புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். ஒன்பது என்றால் எனக்கு என்ன? எண்ணெய்ப் பிசுக்கேறிய நவக்கிரக மேடை. நடுவில் யார்? சூரியன். அதற்குப் பிறகு அந்த எழுத்து என்னை விட்டுப் போகவே இல்லை.

ஹைசிக்கின் பெரிய குணம் இதை அவரே அறிந்திருப்பதுதான். புத்தகம் மூன்று பகுதி. முதல் பகுதியில் கதைகளை முழுசாகச் சொல்கிறார். இரண்டாவதில் கதைக்கரு மட்டும் தருகிறார். மூன்றாவதில், புத்தகத்தின் மிக நீண்ட பகுதியில், உறுப்புகளின் பெயர்களை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். எழுதிக்கொள்ள வேண்டியது வாசகன். ஆசிரியர் படிப்படியாகத் தன்னைக் குறைத்துக்கொண்டு கடைசியில் காணாமல்போகும் ஒரு கதைத் தொகுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பின்நவீனத்துவம் என்று நம் சிற்றிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதிய காலத்தில் யாராவது இதைக் கண்டெடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து போன இடத்தில்தான் எனக்குக் கோயில் கிடைத்தது.

கோயில் என்ற கன்ஜி மண்ணும் ஓர் அங்குல அளவும் சேர்ந்தது. புத்த கோயில்தான். ஆனால் நான் தென்காசிக்காரன்; கோயில் என்றதும் எனக்குக் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் அந்தக் காற்றுதான் வரும். இந்த எழுத்து பெரிய குடும்பி. பக்கத்தில் சூரியன் வந்தால் 'நேரம்': ரத வீதியில் கோபுர நிழல் எந்தக் கடை வாசலைத் தொடுகிறது என்று பார்த்து ஆச்சி நேரம் சொல்வாள். பேச்சு வந்தால் 'கவிதை': மைக் இல்லாமல் ஓதுவார் தொடங்கும் தேவாரம். ஆள் வந்தால் 'ஏவல் செய்பவன்', இதுதான் சாமுராய் என்பதற்கும் எழுத்து; எனக்கு அவர் திருவிளக்கைத் துடைக்கும் ஒடுங்கிய கிழவர். கை வந்தால் 'பிடித்துக்கொள்': தேர்வடம். மாடு வந்தால் 'விசேஷம்': நந்தி. பின்னால் ஒருநாள் பழைய சீன அகராதியில் இந்தக் கடைசி எழுத்தின் மூலப்பொருளே காளை என்று இருப்பதைக் கண்டபோது, தெரியாமல் எறிந்த கல் மாங்காயில் பட்ட சந்தோஷம்.

டொரன்டோவில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகளும் அனிமே பார்த்து ஜப்பானியம் படிக்கக் கிளம்பியவள். அவளிடம் என் கோயில் கதைகளை ஆசையாகச் சொன்னேன். ஒன்றும் ஒட்டவில்லை. "மாமா, எங்க கோயில் ஒரு வேர்ஹவுஸ்" என்றாள். அவளுடைய 'நேரம்' ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோருடைய வசதிக்காகவும் தள்ளி வைக்கப்பட்ட பூஜை. நந்தி அவளுக்கும் உண்டு, மரப்பெட்டியில் கப்பலேறி வந்த நந்தி. கதைகளை ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறாள். ஆனால் அதில் வருகிற கோயில் ஹைசிக்கின் கோயிலும் இல்லை, என்னுடையதும் இல்லை. அவள் என்னைவிட வேகமாக முடித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிக் குறை. கோயில், நேரம், பிடி, ஏவலன் ஆகிய நான்குக்கும் சீனவழி ஒலி ஒன்றேதான்: ஜி. கவிதைக்கு ஷி. இது தற்செயல் இல்லை. அந்த எழுத்துகளில் கோயில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஒலிக்காகத்தான். பொருளைத் தருவது பக்கத்தில் இருக்கும் சூரியனும் கையும் ஆளும் பேச்சும். கன்ஜிகளில் பெரும்பான்மை இந்த வகை, பாதி பொருள் பாதி ஒலி. நான் ஓதுவாரையும் தேர்வடத்தையும் கொண்டுவந்து நிறுத்தியபோது, எழுத்து தானாகவே சொல்லிக்கொண்டிருந்த ஒலியை மூடிவிட்டேன். ஹைசிக்கின் கதைகளுக்குக் கண் உண்டு, காது இல்லை. ஒலிக்கு இரண்டாம் தொகுதி இருக்கிறது என்பார்கள். வீடு கட்டி முடித்த பிறகு ஜன்னலுக்குச் சுவரை இடிப்பதுபோல அது.

நம்மிடமும் நினைவுக் கொக்கி உண்டு, நேர்த் தலைகீழாக. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா என்று யாப்பு படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். தேமா என்றால் இனிக்கிற மா, புளிமா என்றால் புளிக்கிற மா என்று வகுப்பில் யாராவது ருசி பார்த்தோமா? கூவிளமும் கருவிளமும் என்ன மரம் என்று தெரியாமலே வெண்பாவை அலகிட்டோம். அங்கே சொல்லின் ஒலிதான் வாய்ப்பாடு, பொருள் உதிர்ந்துவிடும். இங்கே பொருள்தான் வாய்ப்பாடு, ஒலி உதிர்ந்துவிடுகிறது. வாயால் கற்ற மரபுக்கும் தாளால் கற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹைசிக் கன்ஜியைத் தனியறையில் மௌனமாகக் கற்கும் ஒருவனுக்காகவே எழுதியிருக்கிறார்.

அடுத்த கேள்வி, கதை பொய் என்றால் பாதகமா?

கன்ஜிக்குக் கதை கட்டுவது ஹைசிக் தொடங்கி வைத்தது அல்ல. கி.பி. 100இல் ஹான் சீனாவின் ஷு ஷென் தொகுத்த அகராதி 9353 எழுத்துகளுக்கு விளக்கம் சொல்கிறது. 'பெயர்' என்ற எழுத்து மாலையும் வாயும் சேர்ந்தது. ஏன்? மாலையில் இருட்டிவிடும், முகம் தெரியாது, ஆகவே வாயால் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறார் ஷு ஷென். இதைவிட நல்ல கதையை ஹைசிக்கிலும் நான் படித்ததில்லை. ஆனால் ஷு ஷென் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் பொறித்த மூத்த எழுத்துகளைப் பார்த்தவரில்லை. அவை அறிஞர் கண்ணுக்கு வந்தது 1899இல். அவற்றைக் கொண்டு கியோத்தோவில் வாழ்நாளெல்லாம் உழைத்த ஷிரகாவா ஷிசுகா, வாய் என்று நாம் நினைக்கிற அந்தச் சதுரம் பல எழுத்துகளில் வாயே இல்லை, வேண்டுதல் ஓலையை இடும் பாத்திரம் என்றார். அவர் கணக்கில் 'பெயர்' என்பது படையல் இறைச்சியும் பாத்திரமும் வைத்துக் குழந்தைக்குப் பெயர் அறிவிக்கும் சடங்கு. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. மாலை இருட்டும் படையலும், இரண்டும் கதை. இரண்டும் தம்மை உண்மை என்று சொல்லிக்கொள்பவை. ஹைசிக் மட்டும்தான் தன் கதை கட்டுக்கதை என்று முன்னுரையிலிருந்தே ஒத்துக்கொள்கிறார். அந்த அடக்கத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

ஜப்பானியரும் கதை கட்டுகிறார்கள். 1979இல் தொடங்கிப் பல வருடம் ஓடிய பள்ளிக்கூடத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கின்பாச்சி என்ற வாத்தியார், மனிதன் என்ற எழுத்தின் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, மனிதர் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். நாடே அதை நம்பியது. பழைய வடிவத்தைப் பார்த்தால் பக்கவாட்டில் தனியாக நிற்கிற ஒரே ஆள். யாரும் யாரையும் தாங்கவில்லை.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் 'பெற்றோர்' என்ற எழுத்தைக் கற்று வந்தாள். நில், மரம், பார் என்ற மூன்று உறுப்புகள். மரத்தின் மேல் ஏறி நின்று, பிள்ளை எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பவர் பெற்றோர் என்று பரவலாகச் சொல்லப்படுகிற கதையை அவளும் கேட்டிருந்தாள். சொல்நூலார் இதை ஒப்பமாட்டார்கள். நிலும் மரமும் அங்கே ஒலிக்காக நிற்பவை. நான் திருத்தவில்லை. "நீங்க மரம் ஏறுவீங்களா அப்பா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

திருத்த வேண்டியிருந்தது வேறொன்றில். கூரைக்குக் கீழே ஒரு பெண் இருந்தால் 'அமைதி'. இந்த எழுத்து மூன்றாம் வகுப்பில்தான் வரும், ஆனால் மலிவு விலைப் பலகைகளிலெல்லாம் இதுதான் என்பதால் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பெண் வீட்டுக்குள் இருந்தால் அமைதியா என்று அவள் அம்மா கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் பெண் என்ற உறுப்பைப் பின்தொடர்ந்து போனால் மழுப்ப முடியாது. பெண்ணோடு ஒரு கை, அடிமை. வெறுப்பு என்ற எழுத்தில் பெண். தடை செய் என்பதில் பெண். 2010இல் திருத்திய பட்டியலில் பொறாமைக்கான இரண்டு எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். இரண்டிலும் பெண் உறுப்பு. நினைவுக் கதை இந்த இடத்தில் வெறும் கருவியாக இருப்பதில்லை. எழுத்து நினைவில் நிற்க வேண்டுமென்றால் பெண் ஏன் பொறாமை, பெண் ஏன் வெறுப்பு என்பதற்குத் துடிப்பான, மறக்க முடியாத காரணம் ஒன்றை நீங்களே கற்பனை செய்தாக வேண்டும். மூவாயிரம் வருடத்துப் பழியை உங்கள் தலைக்குள், உங்கள் சொந்தக் கற்பனையால், திரும்ப ஒருமுறை நாட்டிக்கொள்கிறீர்கள். ஹைசிக்கின் முறையில் இதற்கு எதிர்ப்பு எதுவும் இல்லை. என் மகளுக்கு ஒரு வழி செய்தேன்: பெண் உறுப்பு வருகிற இடமெல்லாம் ஔவையார். கோலூன்றிய ஔவை ஒருத்தியை அடிமையாக்கப் போகிற கையின் கதி என்ன என்று அவள் இப்போது படம் வரைகிறாள். எழுத்து ஒட்டிக்கொண்டது, பழி ஒட்டவில்லை. எல்லா எழுத்துக்கும் இது செல்லுபடியாகும் என்று சொல்லமாட்டேன்.

மனிதன் என்ற உறுப்புக்கு ஹைசிக் சொல்கிற யோசனையும் இதுதான். பொதுவாக 'ஒரு மனிதன்' என்று நினைத்தால் கதை நிற்காது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை வையுங்கள் என்கிறார். நல்ல யோசனை. எழுத்தாளர்களுக்கும் சொல்லலாம். ஆனால் அப்படி வைக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை. யுங்கைப் படித்த ஒருவர் இதைத் தாண்டிப் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோயில் குடும்பத்தில் ஒரு எழுத்தை மேலே சொல்லாமல் விட்டேன். போவதைக் குறிக்கும் உறுப்பு இடப்பக்கம், கோயில் வலப்பக்கம். பொருள், 'காத்திரு'. எனக்கு அதில் கதை கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. திருவிழா நாட்களில் டியூஷன் முடிந்து வரும்போது, கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்று அப்பா கோயில் தெரு முனையில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். 2012இல் அந்த எழுத்தைப் பார்த்ததும் அவர் அங்கே நின்றார். நூறு முறை எழுதிப் பார்த்திருப்பேன், நூறு முறையும் நின்றார்.

2019இல் அப்பா இறந்த செய்தி வந்த இரவு நரிட்டா விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே திரையில், தயவுசெய்து காத்திருக்கவும் என்ற அறிவிப்பு. படித்தேன், காத்திருந்தேன். விமானம் ஏறி, இரண்டு மணி நேரம் கழித்து, தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது: அந்த எழுத்தை நான் வாசித்திருக்கிறேன், அதில் அப்பா இல்லை. எப்போது போனார் என்று தெரியவில்லை. எழுத்து பழகப் பழகக் கதை தானாகக் கழன்றுவிடும், கழன்றால்தான் வெற்றி என்று ஹைசிக்கும் சொல்கிறார், அவர் வழி வந்த எல்லோரும் சொல்கிறார்கள். அவர் புத்தகத்தின் துணைத்தலைப்பு, மறக்காமல் இருப்பது எப்படி என்ற பொருளில் வரும். எதை என்று நான் கேட்டுக்கொண்டது அந்த விமானத்தில்தான்.

அப்பாவை நான் மறந்துவிடவில்லை. சைக்கிளும் தெரு முனையும் இருக்கின்றன. ஆனால் அவை இப்போது எந்த எழுத்துக்கும் வேலை செய்வதில்லை, நானாகப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நவக்கிரகம், ஓதுவார், ஆச்சியின் நிழல் கணக்கு, எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஊரில் ஒருவன் தன் நிலத்தை ஒவ்வொரு துண்டாக விற்று மகனைப் படிக்க வைத்ததைப்போல, என் சிறுவயதை ஒவ்வொரு துண்டாகக் கொடுத்து இரண்டாயிரம் எழுத்து வாங்கியிருக்கிறேன். நட்டமா என்று கேட்டால் இல்லை. மின்கட்டணச் சீட்டு, மருந்துச் சீட்டு, மகளின் பள்ளி அறிக்கை எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியவைதான். ஹைசிக்கை இப்போதும் புதிதாக வருகிறவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: அவர் முதல் பகுதியில் தருகிற கதைகள் உங்களுக்கு ஒட்டாமல் போனாலும் உடனே கோபப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அந்நியக் கதை, கழன்றாலும் உங்களுக்குக் குறைவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் கட்டம் போட்ட நோட்டில், அவள் இன்னும் படிக்காத அந்த எழுத்தை மெதுவாக எழுதிப் பார்த்தேன். ஒன்பது கோடுகள். முதல் மூன்றில் தெரு, அடுத்த மூன்றில் மண், கடைசி மூன்றில் அந்த அங்குலம். கடைசிக் கோடு ஒரு சின்னப் புள்ளி. வேகமாக வாசிக்கிறபோது வராதவர், எழுதுகிறபோது ஆறாவது ஏழாவது கோட்டில் மங்கலாக வந்தார். புள்ளியை வைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், புள்ளி கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது, டீச்சர் சிவப்பு மசியில் திருத்துவார் என்றாள்.